நிரப்புத் துகள்: எடையா, கன அளவா?

பல் குழியை அடைக்கும் காம்போசிட் என்பது ரெசின் என்ற பிசினும், அதில் கலந்த கண்ணாடி, சிலிக்கா போன்ற நிரப்புத் துகளும் (ஃபில்லர்). அந்தத் துகள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் இது.

துகள் சிறிதானால் தேய்மானம் குறையுமா?

பெரும்பாலும் குறையும். மெல்லும்போது முதலில் தேய்வது துகளல்ல, நடுவில் இருக்கும் ரெசின். துகள்கள் சிறுத்து நெருங்கி, இடைவெளி 0.1, 0.2 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வந்துவிட்டால் ரெசினுக்கு அவையே காவல். பழைய குவார்ட்ஸ் காம்போசிட்களில் துகள் 10, 20 மைக்ரான், சிலவற்றில் அதற்கும் மேல். சுற்றியிருந்த ரெசின் தேய்ந்ததும் துகள் துருத்திக்கொண்டு நிற்கும், அப்புறம் பெயர்ந்து விழும், குழி மிஞ்சும். ஆனால் சிறிய துகளையே போதாமல் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

ஒரு காம்போசிட்டில் 75 சதவீதம் ஃபில்லர், இன்னொன்றிலும் 75. வலிமையும் ஒன்றுதானே?

எடையா, கன அளவா? இதை எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது! இரண்டும் எடை என்றே வைத்துக்கொள்வோம். ரெசினின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 1.2 கிராம், சிலிக்கா 2.2, பேரியம் கண்ணாடி ஏறக்குறைய 3. எடையில் 75 சதவீதம் சிலிக்கா போட்டால் கன அளவில் அது 60-ஐத் தாண்டும். அதே 75-க்குப் பேரியம் கண்ணாடி போட்டால் 55-தான் தேறும். விறைப்பும் வலிமையும் பார்ப்பது கன அளவை. உறையில் கொட்டை எழுத்தில் இருப்பதோ எடை.

இதோடு முடியவில்லை. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக இட்டெர்பியம் ஃபுளோரைடு சேர்ப்பார்கள். அது கனமான பொருள், கொஞ்சம் சேர்த்தாலே எடைக் கணக்கு ஏறும், இடத்தை அவ்வளவாக நிரப்பாது. சில வகைகளில், சிலிக்கா கலந்து முன்பே கெட்டியாக்கிய ரெசினை அரைத்துப் போட்டு, அதையும் ஃபில்லர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் பாதி ரெசின்தானே? கனிமத் துகள் மட்டும் கன அளவில் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண் கொடுக்கப்படவில்லையா, ஒப்பிடாதீர்கள்.

நானோஃபில், நானோஹைப்ரிட் இரண்டும் ஒன்றா?

இல்லை. இரண்டும் காம்போசிட் வகைகள். நானோஹைப்ரிட்டில் அரைத்த கண்ணாடித் துகளோடு, 0.1 மைக்ரானுக்கும் சிறிய நானோ துகளும் உண்டு. நானோஃபில்லில் நானோ துகளும் அவை திரண்ட கொத்துகளும் மட்டுமே. வலிமையில் நல்ல மைக்ரோஹைப்ரிட்டை (நானோவுக்கு முந்தைய, நுண்ணிய கண்ணாடித் துகள் வகை) இரண்டும் பெரிதாக முந்துவதில்லை. பளபளப்பு நீடிப்பதில்தான் லாபம்.

கொத்து எதற்கு? தனித்தனி நானோ துகளாகவே 80 சதவீதம் நிரப்பலாமே?

மறுபடியும் எடையா, கன அளவா என்று சொல்லவில்லை! எதுவானாலும் முடியாது. துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு பெருகும். ரெசின் அத்தனையையும் நனைக்க வேண்டும், பசை இறுகிக் கலக்கவே வராது. கொத்தாக்குவது அதனால்தான்.

கடைவாய்ப் பல் குழி முழுவதையும் ஃப்ளோவபிளால் (இளகி ஓடும் காம்போசிட்) அடைக்கலாமா?

வேண்டாம். சாதாரண ஃப்ளோவபிளில் ஃபில்லர் குறைவு, தேய்மானமும் சுருக்கமும் அதிகம். அடியில் மெல்லிய படலமாக வையுங்கள். அடர் ஃபில்லர் கொண்ட புதிய வகைகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அங்கேயும் முதலில் கன அளவைப் பாருங்கள்.

காம்போசிட்டின் உலர்ந்த மாதிரி 140 எம்பிஏ (மெகாபாஸ்கல்) வளைவு வலிமை காட்டியது. நீரில் ஊறவைத்தபின் 110. கருவி பழுதா?

கருவியைத் திட்டாதீர்கள். நீர் ரெசினுக்குள் புகுந்து அதை இளக்கும், நாளடைவில் துகளையும் ரெசினையும் கட்டிப்போட்டிருக்கும் சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருளின் பிணைப்பையும் அறுக்கும். பிணைப்பு போன துகள் வெற்றிடத்துக்குச் சமம், விரிசல் அங்கேதான் தொடங்கும். பல் அடைப்புப் பொருள்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4049-உம் மாதிரியை 37 டிகிரி நீரில் 24 மணி நேரம் வைத்த பிறகே சோதிக்கச் சொல்கிறது. மெல்லும் பரப்புக்கு அது கேட்கும் குறைந்தபட்சம் 80 எம்பிஏ. உலர்ந்த எண்ணை எனக்கு அனுப்ப வேண்டாம்.

கடினமான துகள் எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடாதா?

பெரிய குவார்ட்ஸ் தேய்க்கும், அது எனாமலைவிடக் கடினம். இன்றைய நுண்ணிய கண்ணாடித் துகளில் அந்தப் பயம் குறைவு, மெருகேற்றாமல் சொரசொரப்பாக விடாதவரை.