பள்ளி எல்லை மாறிவிட்டது. நண்பர் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா?

கேள்வி

நாங்கள் டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறோம். 2021இல் இந்த வீட்டை வாங்கியதே அந்த ஹை ஸ்கூலுக்காகத்தான். பில்டரின் விற்பனை அலுவலகத்தில் பள்ளியின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். ரியல்டரும் உறுதியாகச் சொன்னார். போன மாதம் ஸ்கூல் போர்டு கூடி எங்கள் தெருவைப் புதிய ஹை ஸ்கூலுக்கு மாற்றிவிட்டது. பின் தெருவுக்கு மட்டும் பழைய பள்ளியே. கூட்டத்தில் அத்தனை பெற்றோர் பேசியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகள் பத்தாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. மகள் அழுதபடியே இருக்கிறாள். வரும் ஆண்டு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவர்கள் பழைய பள்ளியிலேயே தொடரலாம் என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. பஸ் கிடையாது, தம்பி தங்கைகளுக்குப் பொருந்தாது. "புதிய எல்லையை அறிவேன்" என்று கையெழுத்தும் கேட்கிறார்கள். போட்டால் வழக்குப் போடும் உரிமை போய்விடுமோ என்று நாங்கள் போடவில்லை.

பழைய எல்லைக்குள் அபார்ட்மென்டில் இருக்கும் நண்பர், தன் லீஸில் எங்கள் பெயரையும் சேர்க்கத் தயாராக இருக்கிறார். எல்லாரும் செய்வதுதான் என்கிறார். போர்டு மீதும் பில்டர் மீதும் வழக்குப் போடலாமா? நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கம்பெனி போட்ட ஐ-140 மனு முடிந்து கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம்.

பதில்

அந்தப் படிவத்தில் இன்றே கையெழுத்துப் போடுங்கள். கெடு என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

இவ்வளவு நீளமான கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய செய்தி ஒன்றே: உங்கள் பிள்ளைகள் இரவில் எந்த வீட்டில் படுத்துத் தூங்குகிறார்கள் என்பது. பில்டர் ஒட்டிய பலகை, வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம், பின் தெருக்காரருக்குக் கிடைத்த சலுகை, போர்டு உறுப்பினர்களின் முகபாவம் எதுவும் இதில் சேராது. மகளின் அழுகையும் சேராது. அதை எழுதும்போது எனக்கும் மனம் கஷ்டப்படுகிறது, ஆனாலும் சேராது.

எந்த மாணவர் எந்தப் பள்ளி என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை டெக்சாஸ் கல்விச் சட்டம் போர்டிடம் கொடுத்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் மீது வீட்டுக்காரருக்கு உரிமை எதுவும் கிடையாது. கல்வி அடிப்படை உரிமை என்று ஃபெடரல் அரசியல் சட்டத்தைக் காட்டி வாதாடலாம் என்று சிலர் வருகிறார்கள். இதே டெக்சாஸில், சான் அன்டோனியோவிலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1973இல் அந்த வாசலை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அடைத்தது. இன அடிப்படையில் கோடு போட்டார்கள் என்று காட்ட முடிந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறியே இல்லை. கூட்டத்துக்கு முறையாக அறிவிப்புக் கொடுக்கவில்லை என்று காட்டினால் தீர்மானத்தை ரத்து செய்யக் கோரலாம்தான். ஆனால் அடுத்த மாதமே ஒழுங்காக அறிவித்து அதே வரைபடத்துக்கு மறுபடி ஓட்டுப் போடுவார்கள். நீங்கள் வக்கீல் ஃபீஸ் கட்டியது மட்டும் மிஞ்சும்.

இந்த வட்டாரத்தில் எல்லை மாற்றம் இனி அடிக்கடி வரும் என்பதையும் மனதில் வையுங்கள். ப்ளேனோவில் 2024இல் நான்கு பள்ளிகளை மூடத் தீர்மானம் போட்டார்கள். லூயிஸ்வில்லில் அதே ஆண்டு ஐந்து தொடக்கப் பள்ளிகள். இன்னும் வடக்கே போனால் பிள்ளைகள் பெருகிப் புதுப் பள்ளி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மூடினாலும் கோடு நகரும், கட்டினாலும் நகரும். ஃப்ரிஸ்கோ நகருக்குள் வீடு இருந்தாலே ஃப்ரிஸ்கோ ஐ.எஸ்.டி. (அந்தப் பெயரிலுள்ள பள்ளி டிஸ்ட்ரிக்ட்) என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அந்த நகரத்தின் சில பகுதிகள் லூயிஸ்வில், லிட்டில் எல்ம், ப்ராஸ்பர் டிஸ்ட்ரிக்ட்டுகளில் இருக்கின்றன. அப்படி டிஸ்ட்ரிக்ட்டே வேறாக இருந்தால் பொய் முகவரியின் விளைவும் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பில்டர் விஷயத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் பள்ளி எல்லை மாறக்கூடும், வாய்மொழி உறுதி எதுவும் செல்லாது என்ற வாசகம் அநேகமாக இருக்கும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம் போக வேண்டும் என்றும் இருக்கும். வாங்கிய அன்று அந்தப் பள்ளிதான் உங்கள் பள்ளி. அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை. நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஆதாரமில்லாத வழக்கு என்று நீதிபதி கண்டால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவை நீங்களே கட்ட வேண்டிவரும். விட்டுவிடுங்கள்.

இப்போது படிவம். "புதிய எல்லையை அறிவேன்" என்று கையெழுத்திட்டால் எந்த உரிமையும் போகாது. போவதற்கு அங்கே உரிமை எதுவும் இல்லை. அதில் உங்களுக்குக் கிடைப்பது என்ன என்று பாருங்கள்: மகள் தன் ஆசிரியர்களுடன், தான் எடுத்த பாடங்களைத் தொடர்ந்து, அதே பள்ளியில் முடிக்கிறாள். நீதிமன்றத்தில் ஜெயித்தால்கூட இதைவிட நல்ல தீர்ப்பு உங்களுக்குக் கிடைக்காது. தம்பிக்கு இல்லையே என்ற கோபத்தில் அக்காவுக்குக் கிடைத்ததையும் கெடு தாண்ட விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடு முடிந்தபின் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் எழுதினாலும் பதில் ஒன்றுதான்: தேதி முடிந்துவிட்டது.

கையெழுத்துப் போடும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள். இப்படி எல்லைக்கு வெளியிலிருந்து ட்ரான்ஸ்ஃபரில் படிக்கும் பிள்ளைக்கு வருகைப் பதிவும் ஒழுக்கமும் கண்டிப்பாகப் பார்க்கப்படும். ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்லும் டிஸ்ட்ரிக்ட்டுகளும் உண்டு. நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது டிசம்பர் பயணத்தில். டிக்கெட் விலை குறைவு என்று விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே சென்னைக்குக் கிளம்பி, பொங்கல் முடிந்து திரும்புகிறார்கள். டெக்சாஸில் ஒரு பாடத்துக்கு மதிப்பெண் வரவு கிடைக்கவே பொதுவாகத் தொண்ணூறு சதவீத வருகை வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் பிள்ளைக்கு அதோடு பள்ளியே போகலாம். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது இந்தச் சலுகை இருக்காது. இரண்டு வருடத்துக்கு அந்தப் பயணத்தைக் கோடைக்கு மாற்றுங்கள்.

மகனுக்குத் தனியாக மனுப் போடுங்கள். கல்விச் சட்டத்தின் 25.033 பெற்றோருக்கு அந்த வழியைத் தருகிறது. நேரில் விசாரணை வேண்டும் என்று நீங்கள் கோரினால் போர்டு உங்களைக் கேட்க வேண்டும்; மறுக்க நியாயமான காரணம் இல்லையென்றால் கொடுக்க வேண்டும். மனுவை எழுதும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதை எழுதக் கூடாது என்பதை நான் சொல்கிறேன். வீட்டு விலை, பில்டர், பள்ளியின் ரேட்டிங் ஆகிய மூன்றும் வரவே கூடாது. மகன் எடுத்துக்கொண்டிருக்கும் பாடத்தின் அடுத்த நிலை புதிய பள்ளியில் இல்லை, மருத்துவர் கடிதம் இருக்கிறது, அக்கா ஓட்டிச் செல்லும் காரில்தான் அவன் போக முடியும் என்பது போல அவன் ஒருவனுக்கே உரிய காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தெருவே சேர்ந்து கையெழுத்திட்ட மனுவை இதோடு இணைக்காதீர்கள். அதைப் பார்த்தால் "இவருக்குக் கொடுத்தால் அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும்" என்ற நியாயமான காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும். மறுத்தார்கள் என்றால் அதற்கு மேல் மாநில நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, ஃபெடரல் அரசியல் சட்ட உரிமை பறிபோனது என்று காட்ட வேண்டும். உங்களிடம் அது இல்லை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நண்பரின் லீஸ் விஷயத்தில்தான் எனக்குப் பயம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பொய் முகவரி கொடுத்துத் தகுதியில்லாத டிஸ்ட்ரிக்ட்டில் சேர்த்தால், படித்த காலம் முழுவதற்கும் ஒரு மாணவருக்கு ஆகும் செலவையோ கல்விக் கட்டணத்தையோ, எது அதிகமோ அதைப் பெற்றோரிடம் வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. நீங்கள் ஒரே டிஸ்ட்ரிக்ட்டுக்குள் பள்ளி மாறுவதால் அந்த பில் உங்களுக்கு வராது. "ஒன்றும் ஆகாது" என்று நண்பர் சொல்வது இதை வைத்துத்தான். மீதிப் பாதி அவருக்குத் தெரியாது. சேர்க்கைக் காகிதத்தில் தெரிந்தே பொய் எழுதுவது டெக்சாஸ் குற்றவியல் சட்டம் 37.10இன் கீழ் அரசு ஆவணத்தில் மோசடி. ஓராண்டு வரை சிறை. ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால் அதற்கு மேல். ஒரே டிஸ்ட்ரிக்ட்டுக்குள் பள்ளி மாறினாலும் இது பொருந்தும்.

வழக்காகப் போவது அபூர்வம்தான். ஆனாலும் போயிருக்கிறது. ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் ஒரு தாய், தன் அப்பா வீட்டு முகவரியைக் கொடுத்துப் பெண்களைப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டில் சேர்த்தார். 2011இல் ஆவண மோசடிக்குத் தண்டனை பெற்றுச் சிறைக்கும் போனார். ஆசிரியர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தவர் அவர். ஆளுநர் தலையிட்டுக் குற்றத்தின் தரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. குடியுரிமை உள்ளவருக்கே இந்த நிலை.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். தேடவே வேண்டியதில்லை. உங்கள் சொந்த வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன், அதாவது குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை, வாங்கியிருப்பீர்கள். பள்ளி வரி போடும் வீட்டு மதிப்பில் 2023 முதல் ஒரு லட்சம் டாலர் கழிவு, இப்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். "இதுவே என் பிரதான குடியிருப்பு" என்று நீங்கள் உறுதி கூறி வாங்கியது அது. கவுன்ட்டியின் மதிப்பீட்டு இணையதளத்தில் உங்கள் பெயரைத் தட்டினால் வீடு, தெரு, அந்த எக்ஸெம்ப்ஷன் எல்லாம் ஒரே திரையில் வரும். பள்ளியின் பதிவு எழுத்தர் அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒரு கையெழுத்தில் இங்கே குடியிருக்கிறேன், இன்னொன்றில் அங்கே குடியிருக்கிறேன். இரண்டில் ஒன்று பொய் என்று நிரூபிக்க யாரும் சிரமப்பட வேண்டாம்.

வெளிநாட்டவர் வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைக் குடிவரவுத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நண்பர் அபார்ட்மென்டுக்கு "மாறியதற்கு" அதைப் போடுவீர்களா? போட்டால் ஃபெடரல் அரசிடமும் பொய். போடாவிட்டால் நீங்கள் மாறவே இல்லை என்பதற்குச் சாட்சி.

நாளைக்கு உங்கள் முறை வந்து கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 நிரப்பும்போது ஒரு கேள்வி இருக்கும்: கைதாகாவிட்டாலும், வழக்கு இல்லாவிட்டாலும், எப்போதாவது ஏதேனும் குற்றம் செய்ததுண்டா? குடியுரிமை விண்ணப்பத்திலும் அதே மாதிரிக் கேள்வி உண்டு. ஏமாற்றுதல் கலந்த குற்றத்தை ஒழுக்கக் கேடான குற்றமாகவே குடிவரவுச் சட்டம் காலங்காலமாக எடுத்துக்கொள்கிறது. "ஆம்" என்றால் ஒரு சிக்கல், "இல்லை" என்றால் அதைவிடப் பெரிய சிக்கல். பத்துப் பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கும் வரிசையை ஒரு ஹை ஸ்கூலுக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

கணவன் மனைவி பிரிந்திருப்பதாக எழுதி, பிள்ளை அம்மாவோடு அபார்ட்மென்டில் இருப்பதாகக் காட்டும் யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வருமான வரியைச் சேர்ந்து தாக்கல் செய்துகொண்டு, மனைவி உங்கள் விசாவைச் சார்ந்த எச்-4இல் இருந்துகொண்டு இதைச் செய்வது இன்னும் மோசம்.

நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலோருக்குச் சிறை வரவில்லை. வந்தது ஒரு கடிதம்: "உங்கள் குடியிருப்பைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, மின்சார பில் கொண்டுவாருங்கள்." பில்லை வாங்கிப் பார்த்தால் ஆகஸ்ட் மாதத்தில், டெக்சாஸ் வெயிலில், ஏசி ஓடாத அளவுக்கு யூனிட். பிறகு நடு செமஸ்டரில் பிள்ளையை மாற்றுகிறார்கள். புதுப் பள்ளியில் அதே பாடம் அதே நேரத்தில் இருக்காது. விளையாட்டில் இருந்தால் ஓராண்டு வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) ஆட்டத்துக்கே தகுதி போகலாம். என்ன நடந்தது என்று தோழிகளிடம் பிள்ளைதான் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கடிதம் வந்த இரவில் பெற்றோர் செய்வதுதான் இதையெல்லாம்விடப் பெரிய கேடு. பயந்துபோய், பிரின்சிபல் மனிதாபிமானி என்று நம்பி, நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதுகிறார்கள்: "நாங்கள் அங்கே குடியிருக்கவில்லை, பள்ளிக்காக மட்டும்தான் நண்பர் முகவரி கொடுத்தோம், மன்னியுங்கள்." டிஸ்ட்ரிக்ட்டிடம் அதுவரை சந்தேகம்தான் இருந்தது. அந்த மின்னஞ்சலோடு ஒப்புதல் வாக்குமூலமும் சேர்ந்துவிட்டது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அப்படிக் கடிதம் வந்திருந்தால், பதில் எழுதாமல் குடிவரவுச் சட்டமும் தெரிந்த வக்கீலிடம் முதலில் போங்கள். பிள்ளையை உரிய பள்ளிக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகள் அதோடு விடுகின்றன. அந்தச் சமரசத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய எல்லைக்குள்தான் இருந்தாக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் உண்மையாகவே குடிபோங்கள். அபார்ட்மென்டை உங்கள் பெயரில் எடுத்து, நால்வரும் அங்கே குடியிருந்து, இந்த வீட்டை வாடகைக்கு விட்டு, ஹோம்ஸ்டெட்டை விலக்கி, ஓட்டுநர் உரிமத்திலும் ஏஆர்-11இலும் முகவரியை மாற்றுங்கள். அதில் ஒரு தவறும் இல்லை. மகன் நான்கு வருடம் படிக்க அது எவ்வளவு ஆகும் என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குள் கோடு மறுபடி நகராது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். என் மகனாக இருந்தால் புதிய பள்ளிக்கே அனுப்புவேன். ஒன்பதாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அங்கே புதிதாகத்தான் வருகிறார்கள்.

மகளின் படிவத்தைப் போர்ட்டலில் ஏற்றியதும் ஏற்றுக்கொண்டதாக ஒரு மின்னஞ்சல் வரும். வராவிட்டால் மறுநாள் காலையே கவுன்சிலர் அலுவலகத்துக்கு நேரில் போய் அச்சிட்ட பிரதியைக் கொடுத்து, தேதி முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.