ஆய்வகத்துக்கு அனுமதி, அடுப்புக்குத் தடை

கேள்வி: ஃப்ளோரிடா, டெக்சாஸ், இத்தாலி எல்லாம், விலங்கைக் கொல்லாமல் அதன் செல்லிலிருந்து வளர்க்கும் ஆய்வக இறைச்சியைத் தடை செய்துவிட்டன. புதுக் கண்டுபிடிப்பின் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று ஒரு தரப்பு கூச்சல் போடுகிறது. ஆனால் சட்டத்தில் ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கிறதே? விற்கத்தானே தடை? விஞ்ஞானிகள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டு போகலாமே?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: விலக்கு இருப்பது உண்மைதான். 2024 மே 1 அன்று ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட ஃப்ளோரிடா சட்டம், இந்த இறைச்சியைத் தயாரிப்பதையும் விற்பதையும் விநியோகிப்பதையும் குற்றமாக்குகிறது. மீறினால் 60 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். ஆராய்ச்சியை அது தொடவில்லை. நீங்கள் சறுக்குவது அடுத்த வரியில். இந்தத் தொழிலின் பெரிய தலைவலி ஆய்வக மேசையில் இல்லை, தொழிற்சாலைத் தொட்டியில் இருக்கிறது. மேசையில் முடியும் என்பதை டச்சு விஞ்ஞானி மார்க் போஸ்ட் 2013 ஆகஸ்டிலேயே லண்டனில் ஒரு பர்கரை வறுக்கச் செய்து காட்டிவிட்டார். அந்த ஒரு பர்கருக்கு ஆன செலவு இரண்டரை லட்சம் யூரோ!

தொட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்தால் விளங்கும். கோழியிலிருந்து எடுத்த செல், எல்லாம் சரியாக இருந்தால், ஏறக்குறைய நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும். குடுவையிலிருந்து 2 லிட்டர், பிறகு 200, பிறகு 2,000 என்று படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய தொட்டியில் ஊற்றினால் செல்கள் எட்ட எட்டப் போய் வளர மறுத்துவிடும். அவை மிதக்கும் ஊடகம் என்பது குளுக்கோஸ், அமினோ அமிலம், உப்பு, வைட்டமின், செல்லை வளரத் தூண்டும் புரதங்கள் கலந்த வெதுவெதுப்பான சாறு. கிருமிக்கு அதைவிட விருந்து ஏது? 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் பாக்டீரியா ஒன்று உள்ளே நுழைந்தால், கோழிச் செல் ஒரு முறை இரட்டிப்பதற்குள் அதற்கு 72 முறை வாய்ப்பு. வால்வின் ரப்பர் வளையம் ஒன்று சரியாக உட்காரவில்லை என்றால் போதும், மறுநாள் காலை மொத்தத் தொட்டியையும் சாக்கடையில்தான் திறந்துவிட வேண்டும்.

இன்னொரு பக்கம் மூச்சுப் பிரச்சினை. ஆக்சிஜன் எட்ட வேண்டுமானால் கலக்க வேண்டும், குமிழி விட வேண்டும். விலங்குச் செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு மட்டும்தான்; மேலே வந்து வெடிக்கும் குமிழி பக்கத்திலுள்ள செல்லையும் கிழித்துவிடும். பயந்து மெதுவாகக் கலக்கினால் தொட்டியின் ஒரு மூலையில் ஆக்சிஜன் இல்லாமல் சாகும். செல்கள் கழிக்கும் லாக்டேட்டும் அம்மோனியாவும் சேரச் சேர வளர்ச்சி படுத்துவிடும். 2 லிட்டரில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. 2,000 லிட்டரில்தான் முகத்தில் அறையும்.

விளைச்சல் எவ்வளவு? மில்லிலிட்டருக்கு ஒரு கோடி செல், ஒரு செல் 3.5 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 35 கிராம் ஆகிறது. 1,000 லிட்டர் தொட்டி வாரக்கணக்கில் ஓடிக் கொடுப்பது 35 கிலோ. உரித்த கோழி ஒன்றரைக் கிலோ என்றால் 23 கோழி. நம்மூர்க் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குள் தீர்ந்துபோகிற கணக்கு.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, மறுபடி மறுபடி தொட்டியை ஓட்டிப் பார்ப்பது. அதற்கான காசு வர, யாராவது வாங்க வேண்டும். 2020 டிசம்பரில் உலகில் முதலில் அனுமதி கொடுத்த சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். உணவகத்தில் பந்தாவாக ஆரம்பித்த 'குட் மீட்' நிறுவனம், 2024 மே மாதம் ஹியூபர்ஸ் கறிக்கடையில் வைத்த பாக்கெட்டில் கோழிச் செல் 3 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு தாவரப் புரதம். 120 கிராம் 7.20 சிங்கப்பூர் டாலர். '3 சதவீதத்துக்குப் பெயர் கோழிக்கறியா?' என்று கேலி செய்யலாம், நியாயம்தான். ஆனால் எவ்வளவு சேர்த்தால் ருசி வரும், எந்த விலைக்குப் போகும் என்பதைக் கடையில் வைத்தால்தான் அறியலாம். ஃப்ளோரிடாவில் இந்தப் பாடத்தைப் படிப்பதே குற்றம். டெக்சாஸ் ஆஸ்டினில் ஒரு சூஷி உணவகம் 'வைல்ட்டைப்' நிறுவனம் செல்லிலிருந்து வளர்த்த சால்மன் மீனை 2025 ஜூலையில் பரிமாறத் தொடங்கியது. செப்டம்பர் 1-ல் தடை வந்தது, தட்டு எடுக்கப்பட்டது.

அதற்காக, கூச்சல் போடுகிற தரப்பையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இத்தகைய மாற்று இறைச்சிக்கு ஆதரவான குட் ஃபுட் இன்ஸ்டிட்யூட் அமைப்பின் கணக்கில், இத்துறைக்கு வந்த முதலீடு 2021-ல் 130 கோடி டாலரைத் தாண்டியது. 2023-ல் சுமார் 22 கோடியே 60 லட்சமாகச் சரிந்தது. ஃப்ளோரிடா சட்டம் வந்தது 2024-ல். ஆகவே பணம் ஓடிப்போனதற்குத் தடை காரணமில்லை. தொட்டிக் கணக்கு சரிவரவில்லை என்பதே முதல் காரணம். 2021-ல் வெளிவந்த, டேவிட் ஹம்பர்ட் என்ற பொறியாளரின் ஆய்வு, பெரிய அளவில் உற்பத்தி செய்தாலும் செல் திரள் மட்டுமே கிலோவுக்கு 37 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. தானே தள்ளாடிக்கொண்டிருந்தவனைத் தள்ளிவிட்டு மல்யுத்தத்தில் ஜெயித்தேன் என்று மீசை முறுக்குகிறார்கள் ஆளுநர்கள்.

இத்தாலி இன்னும் வேடிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் எந்த ஆய்வக இறைச்சிக்கும் அனுமதி தராத நிலையில், இல்லாத சரக்குக்கு 2023 டிசம்பரில் 10,000 முதல் 60,000 யூரோ வரை அபராதம் விதித்துச் சட்டம் போட்டார்கள். இப்படிச் சட்டம் போடுமுன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தெரிவித்துக் காத்திருக்கும் நடைமுறையை மீறியதால், உள்ளூர் நீதிமன்றங்களே இதை ஒதுக்கிவிடலாம் என்று ஐரோப்பிய ஆணையம் பிறகு சொன்னது.

பண்ணையாளர்களைக் காக்கத்தானே இதெல்லாம் என்பீர்கள். அமெரிக்க இறைச்சித் தொழிலின் பெரிய சங்கமான 'மீட் இன்ஸ்டிட்யூட்'டே ஃப்ளோரிடா தடையை எதிர்த்தது. இன்று ஒரு மாநிலம் கோழிச் செல்லைத் தடுத்தால் நாளை இன்னொன்று வேறு எதையாவது தடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? நெப்ராஸ்காவில் தடைக்குக் கையெழுத்திட்ட ஆளுநர் ஜிம் பில்லன், பெரிய பன்றிப் பண்ணைக் குடும்பத்தவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கும் நடந்திருக்கிறது. ஆய்வகக் கோழி தயாரிக்கும் 'அப்சைட் ஃபுட்ஸ்' நிறுவனம் ஃப்ளோரிடாவை நீதிமன்றத்துக்கு இழுத்தது. (நிறுவனர் உமா வலேட்டி, புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்தவர்.) மத்தியக் கோழி இறைச்சிச் சட்டம் மாநிலத் தடையை முறியடிக்கும் என்ற வாதம் எடுபடவில்லை, வெளிமாநிலச் சரக்குக்குப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்ற வாதத்தை மட்டும் தொடர 2025 ஏப்ரலில் நீதிபதி விட்டார்.

டெக்சாஸ் தடை இரண்டு வருடத்துக்குத்தான், 2027 செப்டம்பர் வரை. இண்டியானாவும் அப்படியே, அந்த வருடம் ஜூன் முடிய. இரண்டு வருடம் பெரிய காலமா என்று அடுத்த கேள்வி கேட்பீர்கள். செல்லை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டு வைத்தால் இரண்டு வருடம் கழித்தும் எடுத்து வளர்க்கலாம். வால்வின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று கைபட்டதும் கண்டுபிடிக்கிற ஆபரேட்டரை அப்படிப் போட்டு வைக்க முடியாது. அவர் அதற்குள் ஏதாவது தடுப்பூசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருப்பார்.