கீச்சிடும் சஸ்பென்ஷன்: எண்ணெய்க்கு முன் தண்ணீர்

கேள்வி: என்னிடம் பத்து ஆண்டு பழைய சிறிய கார் ஒன்று இருக்கிறது. வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது. சில வாரங்களாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்தின் அருகே 'கீச், கீச்' என்று ஒலி வருகிறது. மழை நாளில் அது கேட்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பக்க லோயர் ஆர்ம்களையும் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கைகள்) ஷாக் அப்சார்பர்களையும் மாற்றச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ டீசலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து அடியில் அடித்தாலே போதும் என்கிறார். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: பெரும்பாலும் முடியும். மழை நாளில் ஒலி கேட்பதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உலோகத்தின் மேல் உரசும் உலர்ந்த ரப்பர் நனைந்தால் ஓசையடங்கும். தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் மழைக்காக அடங்காது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், ஒலி எந்த ரப்பரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குத் துணி தேய்ப்பவர்கள் வைத்திருக்கும் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று போதும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பினால் சக்கரத்தின் உட்புறம் ஓரளவு கண்ணுக்குத் தெரியும். வீட்டில் ஒருவர் சக்கரத்துக்கு மேலே பானெட்டின் ஓரத்தை அழுத்தி அழுத்தி விடட்டும். நீங்கள் குனிந்து கேளுங்கள். ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையில் மட்டும் விரலை வைத்துவிடாதீர்கள். ஒலி வந்ததும் முதலில் ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் வண்டி சாயாமல் இருக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) பிடித்திருக்கும் புஷ்ஷில், அதாவது ரப்பர் வளையத்தில், தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்து மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். மாறவில்லையென்றால் அடுத்து லோயர் ஆர்மின் முன் புஷ், பிறகு பின் புஷ் என்று ஒவ்வொன்றாகத் தெளியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. எதை நனைத்தபோது ஒலி நின்று, காய்ந்ததும் திரும்ப வருகிறதோ, அதுதான் நீங்கள் தேடிய இடம்.

இனி பக்கத்து வீட்டுக்காரரின் யோசனைக்கு வருகிறேன். உப்புக் காற்றுக்கு அஞ்சி வண்டியின் அடிப்பாகத்தில் டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடிக்கும் வழக்கம் கடலோரத்தில் உண்டு. அது தகட்டை ஓரளவு காக்கலாம். புஷ்ஷை நிச்சயம் கெடுக்கும். நம் மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிப்பவர்களைக் கேளுங்கள், பெட்ரோலில் ஊறிய ஷீட் என்ன ஆகும் என்று சொல்வார்கள். புஷ்களில் பெரும்பாலும் இருப்பதும் அதே இயற்கை ரப்பர்தான்; ஓயாத முறுக்கலைத் தாங்குவதில் அதற்கு இணையானது அரிது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் என்பதால் அது கரையாது. ஆனால் டீசலையும் எஞ்சின் ஆயிலையும் உறிஞ்சி உப்பி, மெதுமெதுவென்றாகிப் பிளந்துவிடும். முதல் வாரம் ஓசை அடங்குவதால் வைத்தியம் பலித்ததாகத் தோன்றும். ஏற்கெனவே ஆயில் பட்டிருந்தால் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள்.

ரப்பருக்கு உகந்தது சிலிக்கான் ஸ்ப்ரே. பிரேக் டிஸ்க்கைப் பழைய பிளாஸ்டிக் பையால் நன்றாக மூடிவிட்டு, புஷ்ஷின் ஓரங்களில் மட்டும் அடியுங்கள். பிரேக் பேடில் ஒரு துளி பட்டாலும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஸ்டெபிலைசர் புஷ்தான் காரணம் என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. பல மாடல்களில் அது இரண்டு போல்ட்டுகள் பிடித்த கிளாம்புக்குள், ஒரு பக்கம் பிளவுள்ள ரப்பராக இருக்கும். கழற்றிப் பார்த்தால் ரப்பர் உட்கார்ந்திருந்த இடத்தில் கம்பி சொரசொரவென்று துருவேறி, புஷ்ஷின் உட்புறம் பளபளவென்று தேய்ந்திருப்பது தெரியும். கம்பியை எமரி பேப்பரால் வழுவழுப்பாகத் தேய்த்துத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, பிளவு முன்பு இருந்த திசையிலேயே புதிய புஷ்ஷைப் போடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும் என்பதால், முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். ஜாக்கி டயர் மாற்றுவதற்கானது. அடியில் வேலை செய்ய உறுதியான தரையில் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் கட்டாயம் வேண்டும்.

தண்ணீரால் மாற்றமே இல்லையென்றால், அல்லது பால் ஜாயிண்டின் (லோயர் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் குண்டு மூட்டு) மேல் தெளித்தபோது மட்டும் ஒலி அடங்கினால், வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பால் ஜாயிண்டின் ரப்பர் உறையை டார்ச் அடித்துப் பாருங்கள்: கிழிசலும், அதன் ஓரத்தில் துருவோடு கலந்து செம்பழுப்பாகக் கசிந்த கிரீஸும் தெரிந்தால், உள்ளே உப்புநீர் புகுந்து நாளாகிவிட்டது என்று பொருள். அது கழன்றால் ஓடும் வண்டியின் சக்கரம் மடங்கிவிடும். இங்கே ஓசையை அடக்குவது ஆபத்தை மூடிமறைப்பதாகும்; உடனே மாற்றியே ஆக வேண்டும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே முனகல் கேட்டால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனையைத் தாங்கும் மவுண்ட்டைச் சந்தேகிக்கலாம். அதை மாற்ற அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியிருப்பதால் அதுவும் ஒர்க்‌ஷாப் வேலைதான்.

லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருந்து மாற்ற நேர்ந்தால் மெக்கானிக்கிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்லுங்கள்: ஆர்மின் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் பதிந்து வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், தரையில் இறங்கியதுமே புஷ் நிரந்தரமாகத் திருகிக்கொண்டு விரைவில் கிழியும். புதுப் பொருள் சில மாதம்கூட உழைக்கவில்லை என்று நம் வாசகர்கள் எழுதும் குறைகளில் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் சுமை வண்டியின் பின்பக்கக் கமான் பட்டைகள் கிரீச்சிடுகின்றன. அதற்கும் சிலிக்கான் ஸ்ப்ரேதானா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். பட்டையோடு பட்டை உரசுவது இரும்போடு இரும்பு உரசுவது என்பதால் அங்கே கிராஃபைட் கிரீஸ் ஏற்றது. சேஸிஸைத் தாங்கி நிறுத்தி ஆக்சிலைத் தொங்கவிட்டால் பட்டைகளுக்கிடையே சிறிது இடைவெளி கிடைக்கும். கம்பித் தூரிகையால் துருவையும் மண்ணையும் நீக்கிய பிறகு கிரீஸைச் செலுத்துங்கள். பட்டையின் இரு முனைகளிலும் ரப்பர் புஷ்கள் இருந்தால் அவற்றின் மேல் கிரீஸ் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.