செஞ்சிப் பாறையில் பறவை பார்ப்பது எப்படி? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஊசுட்டேரிக் கரையில் பல வருடமாகப் பறவை பார்க்கிறோம். மாசியில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குப் போக நினைக்கிறோம். எப்போது, எப்படி ஏறுவது?
– வாசகர், வில்லியனூர்

மாசியைத் தாண்ட விடாதீர்கள். பங்குனி பிறந்தால் பாறை கொதிக்கும், குளிர்கால விருந்தாளிகளும் கிளம்பத் தொடங்கிவிடும். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். விடிகாலை நாலரைக்குப் புறப்படுங்கள்.

டிக்கெட் கொடுக்கும் நேரம் விடியலுக்குப் பிந்தியது. அதுவரை சும்மா நிற்க வேண்டாம், அடிவாரத்துப் புதர்க்காட்டைச் சுற்றுங்கள். கருஞ்சிட்டு, கீச்சான், சின்னான்கள் (புல்புல்) எல்லாம் அந்த நேரத்தில்தான் அதிகம் வெளியே வரும்.

ராஜகிரி ஏறக்குறைய 240 மீட்டர் உயரம். உச்சியைத் தொடுவதே குறி என்று போகிறவர்களுக்குப் பறவை கிடைப்பதில்லை. செருப்படியில் சரளை உருளும் சத்தத்துக்கே எல்லாம் பறந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு ஏறி, பாறை இடுக்கில் இச்சியோ அத்தியோ முளைத்த இடமாகப் பார்த்து, அதற்கு எதிரே நிழலில் உட்காருங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் பறவை தானாக வரும். பெரிய பாறையின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தரைக்கு இறங்கிப் பூச்சி பிடித்துவிட்டு அங்கேயே திரும்புவது பெரும்பாலும் நீலப் பூங்குருவியாக இருக்கும்.

ஒன்பது மணிக்கு மேல் சிறு பறவைகள் நிழலில் ஒடுங்கிவிடும். சூடான காற்று மேலெழும்பும் அந்த நேரம் பருந்து, கழுகு வகைகளுக்கு உகந்தது. மேலே இருந்தால் அவற்றின் முதுகையே பார்க்கலாம், ஏரிக்கரையில் இது வாய்க்காது. பத்தரைக்குள் இறங்கிவிடுங்கள். நடக்கும்போது பைனாகுலரைக் கண்ணில் வைக்கவே கூடாது. விழுகிறவர்கள் அப்படித்தான் விழுகிறார்கள்.

8x42, 10x50 பைனாகுலர் இரண்டில் மலைக்கு எது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். ஏறி மூச்சு வாங்கும்போது கை நடுங்கும், பத்து மடங்கில் அந்த நடுக்கமும் பெரிதாகும். வெயில் ஏறியதும் பாறை மேல் கானல் அலையும். அதையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். வாரைச் சுருக்கி நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். தொப்புள் வரை தொங்கினால் குனிந்து ஏறும்போது பாறையில் இடிக்கும். வியர்வையில் கண்ணாடி மங்கினால் துண்டால் தேய்க்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும். முதலில் தூசியை ஊதுங்கள், பிறகு மென்துணி. முக்காலியில் வைக்கும் டெலஸ்கோப் ஏரிக்கே இருக்கட்டும். படியில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

மஞ்சள் தொண்டைச் சின்னானை அடையாளம் காண்பது எப்படி?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டு வேறெங்கும் இல்லாத பறவை. அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. அங்கேயே நிறையத் திரியும் வெண்புருவச் சின்னானைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டுக்குமே வாலடி மஞ்சள், அதனால் அதை நம்பாதீர்கள். முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது வெண்புருவம். தலையும் தொண்டையும் மஞ்சளாக, நெஞ்சு சாம்பலாக இருந்தால் நீங்கள் தேடிய பறவை. செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்ததென்று எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டுப் பதறும்.

தண்ணீர் எவ்வளவு? வேறு என்ன கவனம்?
– வாசகி, முத்தியால்பேட்டை

ஒருவருக்கு மூன்று லிட்டர். அதில் ஒரு லிட்டரில் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றைக் கரையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே நிழலில் உட்கார்ந்து உடம்பை நனையுங்கள். பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு, 108-ஐ அழைத்துவிடுங்கள். பையில் தின்பண்டம் வெளியே தெரியக் கூடாது, குரங்குகள் பிடுங்கும். பாறை முகட்டில் மலைத்தேனீ அடை கண்டால் அதன் கீழ் நிற்காதீர்கள், சென்ட் பூசிக்கொண்டும் போகாதீர்கள். குடைவுகளில் கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருந்தால் எட்ட நின்று பார்த்துவிட்டு நகருங்கள். வெறும் பாறை விளிம்பில்தான் அது முட்டையிடும். தாயை எழுப்பிவிட்டால் முட்டை வெயிலில் கிடக்கும்.