இரண்டு திரைகளில் எக்செல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே எக்செல் கோப்புகளை இரண்டு மொனிட்டர்களில் பிரித்துப் பார்ப்பது என்ற ஒரே விடயத்தைச் சுற்றி வருவதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, நிலாவெளியில் ஒரு விடுதியின் கணக்குகளைப் பார்க்கிறேன். எக்செல் 2010இல் முன்பதிவுப் பட்டியலைத் திறந்த பின் வரவு செலவுக் கோப்பைத் திறந்தால், அதுவும் அதே சாளரத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றை மற்ற மொனிட்டருக்குக் கொண்டுபோக வழி உண்டா?

உண்டு. எக்செல் 2010 வரை எல்லாக் கோப்புகளும் ஒரே பெரிய சாளரத்தின் உள்ளே திறக்கும்படியே அமைக்கப்பட்டிருந்தன. முதற் கோப்பு திறந்திருக்கும்போது, ஷிப்ட் விசையை அழுத்தியபடி டாஸ்க்பாரில் உள்ள எக்செல் சின்னத்தைச் சொடுக்கினால், புதிய எக்செல் ஒன்று தனியாக இயங்கத் தொடங்கும். அதை மற்றத் திரைக்கு இழுத்துச் சென்று, அதன் உள்ளே இருக்கும் ஃபைல் பட்டியலிலிருந்தே இரண்டாவது கோப்பைத் திறக்க வேண்டும். கோப்புறையில் இருக்கும் கோப்பை இரட்டைச் சொடுக்காகச் சொடுக்கினால், அது பெரும்பாலும் பழைய சாளரத்துக்கே திரும்பிப் போய்விடும்.

ஆனால் இரண்டு கோப்புகளுக்கும் இடையே சூத்திரத் தொடர்பு இருக்குமானால், அதாவது ஒன்றின் சூத்திரம் மற்றதிலுள்ள மதிப்பை எடுத்துக்கொள்ளுமானால், நான் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது எக்செல் சாளரத்தை முழுத்திரை நிலையிலிருந்து விடுவித்து, அதன் ஓரத்தைப் பிடித்து இரண்டு மொனிட்டர்களையும் மூடும் அளவுக்கு இழுத்துவிட்டு, வியூ பட்டியலில் அரேஞ்ச் ஆல் என்பதில் வெர்ட்டிக்கல் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஆளுக்கொரு திரையாகக் கோப்புகள் பிரிந்து நிற்கும், தொடர்பும் அறுபடாது. 2010 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஒக்டோபர் 13உடன் நின்றுவிட்டன என்பதையும் விடுதி நிருவாகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். விருந்தினரின் விபரங்கள் இருக்கும் கணினியில் அது சிறிய விடயமல்ல.

தம்பலகாமத்தில் நெல் ஆலை ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் இருப்பது எக்செல் 2019. ஒரு நண்பர் சொன்னபடி ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எக்செலைத் திறந்து, கொள்முதல் கோப்பையும் விலைப் பட்டியலையும் தனித்தனியாக இயக்குகிறேன். பட்டியலில் தேடி மதிப்பை எடுத்துத் தரும் வி-லுக்-அப் சூத்திரத்தை எழுதும்போது மற்றத் திரையில் உள்ள விலைப் பட்டியலைச் சொடுக்கினால் ஒன்றுமே நடப்பதில்லை. கோப்பு பழுதாகிவிட்டதா?

கோப்பில் பழுதில்லை. சாளரம் வேறாக இருப்பதும் எக்செல் வேறாக இயங்குவதும் இரண்டு வெவ்வேறு காரியங்கள். 2013 பதிப்பு முதல் ஒவ்வொரு கோப்பும் தானாகவே தனிச் சாளரத்தில் திறக்கிறது. ஆகவே வழமைபோல் இரண்டையும் திறந்து, விண்டோஸ் விசையோடு ஷிப்டையும் வலது அம்புக்குறியையும் அழுத்தினாலே சாளரம் அடுத்த மொனிட்டருக்குத் தாவிவிடும்.

ஆல்ட் விசையோடு திறந்து, புதிதாக ஓர் எக்செலை இயக்கவா என்ற கேள்விக்கு ஆம் என்றதும், ஒன்றையொன்று அறியாத இரண்டு எக்செல்கள் ஓடுகின்றன. பாதிச் சூத்திரத்தோடு நீங்கள் அடுத்த திரையில் சொடுக்குவதை முதலாவது எக்செல் காண்பதே இல்லை. ஒன்றில் பிரதி எடுத்து மற்றதில் ஒட்டினாலும் மதிப்புகள்தான் வந்து சேருமே தவிர, சூத்திரங்கள் வாரா. கோப்பின் முழுப் பாதையையும் கையால் எழுதித் தொடர்பு கொடுக்கலாம்; ஆனால் அது கடைசியாகச் சேமித்த விலையையே படிக்கும். காலையில் மாற்றிய நெல் விலையைச் சேமிக்காமல் விட்டிருந்தால், விவசாயிக்குக் கொடுக்கும் பற்றுச்சீட்டில் பழைய விலையே விழும். இதை மிகுந்த கவனத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

தனி இயக்கத்துக்கும் உரிய இடம் உண்டு. ஒரு கோப்பில் நீண்ட மேக்ரோ (பல வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) ஓடும்போது அதே எக்செலில் திறந்துள்ள மற்றக் கோப்புகளும் உறைந்து நிற்கும். அவ்வேளையில் இன்னொரு எக்செலில் வேலையைத் தொடரலாம். அன்றாடக் கணக்குக்கு அது தேவையில்லை.

மூதூரில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒரே கோப்பில் உள்ள தவணைப் புள்ளிகள் தாளையும் தொகுப்புத் தாளையும் இரு திரைகளில் ஒரே நேரத்தில் பார்க்க முடியுமா?

முடியும். வியூ பட்டியலில் நியூ விண்டோ என்பதைச் சொடுக்கினால் அதே கோப்பு இன்னொரு சாளரத்திலும் தோன்றும். தலைப்பில் கோப்புப் பெயரின் பின்னால் 1, 2 என்ற இலக்கங்கள் இருக்கும். இது பிரதி அன்று. ஒன்றில் ஒரு மாணவனின் புள்ளியைத் திருத்தினால் மற்றதில் மொத்தம் அக்கணமே மாறும். வேலை முடிந்ததும் 2 என்ற சாளரத்தை மூடிவிட்டுச் சேமியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறையும் இரண்டும் சேர்ந்தே திறக்கும்.

கிண்ணியாவில் அலுவலகத்தில் இரண்டாவது மொனிட்டர், வீட்டில் மடிக்கணினி மட்டும். வீட்டில் திறந்தால் கோப்பு டாஸ்க்பாரில் தெரிகிறது, திரையில் இல்லை.

அது இல்லாத மொனிட்டரின் இடத்தில் திறந்திருக்கிறது. டாஸ்க்பாரில் அச்சாளரத்தைத் தெரிவு செய்து, ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, பின் எம் எழுத்தை அழுத்துங்கள். அம்புக்குறி விசை ஒன்றை ஒரு தடவை தட்டியபின் மவுஸை அசைத்தால், சாளரம் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும்.

உவர்மலையிலிருந்து: இரண்டாவது திரைக்கு இழுத்ததும் எழுத்துகள் மங்கலாகின்றன.

இரு திரைகளின் ஸ்கேல் அளவு, அதாவது எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் சதவீதம், வேறுபடுவதே பெரும்பாலும் காரணம். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் இரண்டையும் ஒரே சதவீதத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்போதும் தெளியாவிட்டால், எக்செல் ஒப்ஷன்ஸில் ஜெனரல் பகுதியில், பல திரைகளைப் பயன்படுத்தும்போது தோற்றத்துக்கு முன்னுரிமையா பொருந்துகைக்கு முன்னுரிமையா என்று கேட்கும் தெரிவை மாற்றி, எக்செலை முழுவதுமாக மூடித் திறவுங்கள்.