மலையகத்தில் இணையவழி வகுப்பு: ஆசிரியர்கள் கேட்டவையும் பதில்களும்

மண்சரிவு எச்சரிக்கையால் பாடசாலை மூடும் நாட்களில் வீட்டிலிருந்தே பாடம் நடத்தும் ஆசிரியர்களின் கேள்விகள் இவை.

மஸ்கெலியா, தரம் 8 கணிதம்: ஸூம் வகுப்பில் பாதியிலேயே பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். கேட்டால், டேட்டா முடிந்துவிட்டதாம்.

முதலில் உங்கள் கமராவை நிறுத்துங்கள், டீச்சர். பிள்ளைகளின் கமராவையும் நிறுத்தச் சொல்லுங்கள். தரமான வீடியோவுக்கு ஸூம் நொடிக்கு 600 கிலோபிட் அளவில் இழுக்கும். 40 நிமிடத்துக்கு 180 எம்பி. குரலுக்கு மட்டும் 60 முதல் 80, அசையாத திரைப் பகிர்வுக்கு 50 முதல் 75 கிலோபிட் போதும். இரண்டும் சேர்ந்தாலும் 40 நிமிடம் 50 எம்பிக்குள் முடியும். பகிரும் திரையில் யூடியூப் ஓட்டினால் இந்தக் கணக்கு செல்லாது. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு துண்டிக்கப்படும் என்பதால், புதிய கணிதப் பாடத்தை முதல் 25 நிமிடத்துக்குள் விளக்கிவிட்டு மிச்சத்தைப் பயிற்சிக்கு விடுங்கள்.

பண்டாரவளை, தரம் 5: அம்மா கொழுந்துக்குப் போய் வரும்வரை வீட்டில் போனே இல்லை. நேரலை எப்படி வைப்பது?

வைக்காதீர்கள். புலமைப்பரிசில் வகுப்பு என்று பெற்றோர் அவசரப்படுத்தினாலும் வட்ஸ்அப்தான் உங்களுக்குச் சரி. ஒரு பாடத்துக்குப் புத்தகப் பக்கத்தின் படம் ஒன்று, மூன்று நிமிடத்துக்கு மேற்படாத குரல் பதிவு மூன்று, ஐந்து கேள்வி. அவ்வளவே. பத்து நிமிடத்தை ஒரே பதிவாக அனுப்பினால், விளங்காத இடத்தைத் தேடிப் பிள்ளை முழுவதையும் உருட்ட வேண்டிவரும். ஒவ்வொரு பதிவையும் "பக்கம் 42, மூன்றாம் கணக்கு" என்று தொடங்குங்கள்.

பாடக் குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் குட் மோர்னிங் பூக்களுக்கு அடியில் பாடம் புதைந்துபோகும். விடைகளுக்குத் தனிக் குழு வேண்டும். விடைப்படத்தின் மேலேயே பென்சில் கருவியால் சிவப்பில் திருத்தி, அந்தப் படத்துக்கே ரிப்ளை கொடுத்தால் யாருடையது என்ற குழப்பம் வராது. விடை அனுப்பக் கெடு மறுநாள் இரவு என்று வையுங்கள். அன்றே கேட்டால், போன் கைக்கு வராத பிள்ளைதான் தண்டனை வாங்கும்.

தலவாக்கலை: வினாத்தாளை வேர்டில் அனுப்பினேன். பிள்ளைகளின் போனில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதாம்.

பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள், சேர். அது எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறை அல்ல. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், குற்றுக்குப் பதிலாக அரைப்புள்ளி இருக்கும். எழுத்துரு இல்லாத போன் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. பீடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்பினால் எழுத்துருவும் கூடவே போகும். வட்ஸ்அப் செய்தியாகவே ஒட்ட வேண்டுமென்றால் யூனிகோட் மாற்றியில் போடுங்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அந்த இடங்களை மட்டும் கையால் திருத்துங்கள்.

ஹட்டன்: கொப்பியில் எழுதிக் காட்ட விலைகூடிய கருவி தேவையா?

தேவையில்லை. மேசையில் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்குங்கள். போனின் கமரா முனை நான்கைந்து சென்ரிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மறுமுனையில் கனமான அகராதியை வையுங்கள். பின்பக்கக் கமரா. வலக்கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் வரியிலேயே விழும். தடித்த பேனா, ஒரு சென்ரிமீற்றர் எழுத்து.

படுத்திருக்கும் போனுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாது. படம் தலைகீழாகச் சுழலும். முதலில் போனை நிமிர்த்திச் சரியான திசைக்குக் கொண்டுவந்து, சுழற்சியைப் பூட்டிய பிறகு படுக்க வையுங்கள். லெப்டொப்பிலும் போனிலும் ஒரே வகுப்பில் சேர்ந்தால் போனில் ஓடியோவை இணைக்கவே வேண்டாம். இணைத்தால் கூக்குரல்தான்.

பொகவந்தலாவை: கூகுள் போர்மில் சரியான விடைக்கும் பூச்சியம் விழுகிறது.

குறுவிடைக் கேள்வியில் நீங்கள் கொடுத்த விடை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். "மகாவலி" என்று நீங்கள் கொடுத்து, பிள்ளை "மகாவலி கங்கை" என்று எழுதினால் பிழைதான். ஏற்கக்கூடிய எல்லா வடிவங்களையும் விடையில் சேருங்கள், அல்லது தெரிவு வினாவாக மாற்றுங்கள். இன்னொன்று, "ஒரு பதில் மட்டும்" என்ற கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். அது கூகுள் கணக்கைப் பார்த்துத்தான் ஆளை எண்ணுகிறது. ஒரே போனில் எழுதும் அக்காவும் தம்பியும் என்றால் இரண்டாமவருக்குக் கதவு திறக்காது. பெயரையும் சுட்டெண்ணையும் கட்டாயக் கேள்விகளாக வைத்தால் போதும்.

லிந்துலை: லயத்துக்குள் சிக்னல் வருவதேயில்லை.

தகரக் கூரை அலையைத் தடுக்கும். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்), கோபுரம் இருக்கும் பக்கம் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். இடையில் மலை நின்றால் பத்தடி தள்ளி உட்கார்ந்தும் பயனிருக்காது. அந்தப் பிள்ளைக்கு அச்சுத்தாள்தான். போன் 3ஜிக்கும் 4ஜிக்கும் தாவிக்கொண்டிருந்தால் "4ஜி மட்டும்" என்று வைத்துப் பார்க்கலாம். வோல்ட்டி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்கும் வசதி) இல்லாத போனில் அப்படி வைத்தால் சாதாரண அழைப்பு வராது, வகுப்பு முடிந்ததும் பழையபடி மாற்ற வேண்டும்.

வெலிமடை: இடி நேரத்தில் ரவுட்டரை விடலாமா?

கூடாது. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி கேட்டவுடனேயே பிளக்கைக் கழற்றிவிட்டு, போன் டேட்டாவுக்கு மாறுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.