காசில் உள்ள அந்த இரண்டு எழுத்து

கே: லண்டனில் வேலை பார்க்கும் என் மகன் கொண்டுவந்த பவுண்டு நாணயத்தில் ராணி எலிசபெத் பெயரை ஒட்டி 'எஃப் டி' என்று இருக்கிறது. போப் கொடுத்த பட்டத்தின் சுருக்கம் என்கிறான். ராணி கத்தோலிக்கரே இல்லையே, அவருக்கு எதற்குப் போப் பட்டம் கொடுத்தார்?
- வாசகர், தூத்துக்குடி

ப: உங்கள் மகன் சொன்னது சரிதான், ஆனால் கொடுத்தது ராணிக்கு இல்லை. 1521 அக்டோபரில் போப் பத்தாம் லியோ இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்குக் கொடுத்தது. லத்தீனில் 'ஃபிதெய் தெஃபென்சோர்', அதாவது விசுவாசத்தின் பாதுகாவலர்.

அதற்கு முந்தைய வருடம்தான் ரோமை எதிர்த்த ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூதர், அருட்சாதனங்கள் (திருமுழுக்கு போன்ற புனிதச் சடங்குகள்) ஏழு என்பதை ஏற்க மாட்டேன் என்று ஒரு நூல் எழுதியிருந்தார். ஹென்றி அதற்கு லத்தீனிலேயே பதில் நூல் எழுதி (அரசவையில் இருந்த அறிஞர் தாமஸ் மோர் அதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்) போப்புக்கே அர்ப்பணித்து, தன் தூதரை அனுப்பி ரோமில் நேரில் கொடுக்கச் செய்தார். பட்டம் வந்தது. பக்தி இருந்தது உண்மை, ஆனால் ஆசையும் இருந்தது. பிரான்ஸ் அரசர் 'மிகவும் கிறிஸ்தவரான அரசர்', ஸ்பெயின் அரசர் 'கத்தோலிக்க அரசர்', இவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பிரான்ஸோடு மோதிக்கொண்டிருந்த போப் இரண்டாம் ஜூலியஸ், பிரெஞ்சு அரசரின் பட்டத்தைப் பறித்து ஹென்றிக்குத் தருவதாக முன்பே ஆசை காட்டியிருந்தார், அது நடக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் மனதை வருத்துகிறது. அரசி கேத்தரினுடனான திருமணத்தை ரத்து செய்ய ரோம் மறுக்க, 1534-ல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று ஹென்றி சட்டம் கொண்டுவந்தார். அதை ஏற்காத தாமஸ் மோரும், அரசரின் நூலுக்கு ஆதரவாகத் தனி நூலே எழுதிய ஆயர் ஜான் ஃபிஷரும் 1535-ல் தலை வெட்டப்பட்டார்கள். அந்த விசுவாசத்தை உண்மையாகவே பாதுகாத்தவர்கள் அந்த இருவரும்தான் என்று நான் நினைக்கிறேன்.

போப் மூன்றாம் பவுல் ஹென்றியைச் சபையிலிருந்து விலக்கினார், பட்டமும் போயிற்று. ஹென்றி விடவில்லை, 1540-களில் நாடாளுமன்றத்தின் சட்டம் மூலம் அதே பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆக, காசில் நீங்கள் பார்ப்பது நாடாளுமன்றம் கொடுத்த பட்டம். முதலாம் ஜார்ஜ் காலத்திலிருந்து நாணயங்களில் வருகிறது, இப்போது மூன்றாம் சார்லஸின் காசிலும் உண்டு.

கே: ஸ்பெயின் அரசரும் புத்தகம் எழுதித்தான் 'கத்தோலிக்க' பட்டம் வாங்கினாரா?
- வாசகி, நாகர்கோவில்

ப: இல்லை, அது வாளால் வந்தது. ஃபெர்டினாண்டும் இசபெல்லாவும் 1492-ல் ஸ்பெயினில் கடைசியாக மிஞ்சியிருந்த முஸ்லிம் அரசான கிரனாடாவைப் பிடித்தார்கள், அதே வருடம் யூதர்களை நாட்டை விட்டே துரத்தினார்கள். 1494-ல் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் படையோடு புகுந்தபோது போப்புக்குத் துணையாக நின்றதும் இவர்கள்தான். 1496-ல் போப் ஆறாம் அலெக்சாண்டர் (அவரே வாலென்சியா பக்கத்துக்காரர்) பட்டத்தை அறிவித்தார். பிறந்த மண்ணை விட்டுக் குடும்பம் குடும்பமாகத் துரத்தப்பட்டவர்களின் துயரம் பட்டம் தந்த போப்பின் ஆணையில் ஒரு சாதனையாக எண்ணப்பட்டிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கே: வேறு யாருக்கும் இப்படிக் கிடைத்ததா?
- வாசகர், திருச்சி

ப: 1758-ல் ஹங்கேரியின் அரசி மரியா தெரசாவுக்கு 'அப்போஸ்தலிக்' (அப்போஸ்தலர்களின் வழி வந்தவர்) பட்டம். அதற்குப் பத்து வருடம் முன்பு போர்ச்சுகல் அரசர் ஐந்தாம் ஜானுக்கு 'மிகவும் விசுவாசமுள்ளவர்'. துருக்கியருக்கு எதிராகப் போப் உதவி கேட்டபோது 1717-ல் கப்பற்படை அனுப்பியவர் அவர். பணமும் தாராளமாகச் செலவழித்தார். ரோமிலேயே ஒரு சிற்றாலயத்தைக் கட்டச் சொல்லி, போப் பதினான்காம் பெனடிக்ட் அதில் திருப்பலி நிறைவேற்றிய பிறகு, கழற்றிக் கப்பலேற்றி லிஸ்பனுக்குக் கொண்டுபோனார். லிஸ்பனில் சாவோ ரோக்கே கோயிலுக்குப் போனால் இன்றும் பார்க்கலாம்.